அம்மாவுக்கு ஒரு பிசினஸ் கிளாஸ் இருக்கை

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் எண்ணெய்க் கிணறுகளுக்கான வால்வுகளைப் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருந்தேன். கம்பெனியின் தலைமையகம் அமெரிக்காவில், ஹூஸ்டனில். வருடத்தில் பல முறை அங்கே போய்வர வேண்டியிருக்கும். எந்த விமானத்தில் டிக்கெட் மலிவோ அதில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போய்ப் போய், இரண்டு அமெரிக்க விமான நிறுவனங்களின் உறுப்பினர் அட்டைகள் என் பர்சில் சேர்ந்துவிட்டன. ஒன்று பச்சை நிறம், மற்றது பழுப்பு. பறக்கும் தூரத்தை மைல் மைலாக நம் பெயரில் வரவு வைப்பார்கள். போதுமான அளவு சேர்ந்தால் ஒரு பயணம் இலவசம். அப்போது சிங்கப்பூரில் இது அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம். அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள். "எவன் சும்மா குடுப்பான்? நம்பாத லா" என்பார் என் மேலாளர், சிங்கப்பூர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு.

நம்பியவள் என் மனைவி. ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். சின்ன எழுத்தில் அச்சடித்த விதிகளைப் படிப்பதில் அவளுக்குச் சலிப்பே வராது. தோ பாயோ வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும், இரண்டு நிறுவனங்களின் விளக்கப் புத்தகங்களையும் அருகருகே விரித்துவைப்பாள். பச்சையில் பிசினஸ் கிளாஸுக்குக் குறைந்த மைல் போதும், ஆனால் மைல் மெதுவாகத்தான் சேரும். பழுப்பில் சீக்கிரம் சேரும், ஆனால் இலவசச் சான்றிதழ் அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்த பிறகுதான் இடம் பிடிக்க முடியும். அதற்குள் இடம் போய்விடலாம். இதெல்லாம் எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். நான் பறந்தேன், அவ்வளவுதான்.

அவள் மனதில் ஓர் ஊர் இருந்தது. பிரான்சில் இருக்கும் லூர்து. எங்களுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மாதாவிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதுவும் முன்பக்கம், கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு போக வேண்டும்.

"பின்னால உக்காந்தா இப்பவே ரெண்டு பேரும் போயிடலாமே" என்றேன் ஒருநாள்.

"பின்னால உக்காந்துதான் திருச்சிக்குப் போனேன். வாழ்க்கையில ஒரு தடவயாவது திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?" என்றாள்.

எண்பத்தெட்டாம் வருடத்தின் நடுவில் ஒரு விடியற்காலையில் சிகாகோவிலிருந்து அக்காவின் கணவர் கூப்பிட்டார். அக்கா அங்கே நர்ஸ். சிறுநீரகக் கோளாறு இருப்பது எங்களுக்குத் தெரியும்; வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். இனி அதை நம்பிக்கொண்டு ரொம்ப நாள் ஓட்ட முடியாது, மாற்றுச் சிறுநீரகம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்களாம். அவருடையது பொருந்தவில்லை. நானும் அம்மாவும் இங்கே ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தோம். என்னுடையதும் பொருந்தவில்லை. அம்மாவுடையது பொருந்தியது.

அம்மா எங்களோடுதான் இருந்தார். அப்பா இறந்த பிறகு ஒரு பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச் சாலையில் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸும் கறிபஃப்பும் விற்கும் கடையை எடுத்து நடத்தினார். பெரிய வாணலியை ஒற்றைக் கையால் தூக்குவார். முடிவைச் சொன்னபோது இடுப்பில் கைவைத்து நின்றபடி கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு இருக்குல்ல. ஒண்ண எடுத்துக்கட்டும்" என்றார். "ஸ்கூல் லீவுல வச்சுக்கச் சொல்லு. கடைய மூடினா புள்ளைங்க பசியில நிக்கும்."

பள்ளி விடுமுறைக்கெல்லாம் அறுவைச் சிகிச்சை காத்திருக்காது. நவம்பர் தொடக்கம் என்று முடிவானது. அக்காவே போனில் என்னிடம் தனியாகப் பேசினாள். குரல் தேய்ந்திருந்தது.

"தம்பி, கொடுக்குறவங்களுக்குத்தான் பெரிய வெட்டு. முதுகுப் பக்கம் திறந்து, ஒரு விலா எலும்பையும் எடுப்பாங்க. என்னைவிட அம்மாவுக்குத்தான் ரொம்ப வலிக்கும். திரும்பிப் போறப்போ அவங்கள எகானமில நிமிந்து உக்கார வைக்காத. நான் எத்தன பேஷண்ட்ட பாத்துருக்கேன். ஒரு நாள் முழுக்க அந்த சீட்டுல தாங்காது. சாஞ்சுதான் வரணும்."

நான் சரி என்றேன். பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டை விலைகொடுத்து வாங்கும் நிலையில் நான் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மனைவி அலமாரியிலிருந்து இரண்டு விளக்கப் புத்தகங்களையும் எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். லூர்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. நாங்கள் அந்த ஊருக்குப் போனோம், ஆனால் பல வருடங்கள் கழித்து, பங்குக் கோயில் குழுவோடு, கழிப்பறைக்கு முந்தைய வரிசையில் உட்கார்ந்து. குழந்தை எங்களுக்கு அமையவே இல்லை.

மேசையில் சண்டை வந்தது மறுநாள்தான். பச்சை அட்டையில் இருந்த மைல் ஒரே ஒரு பிசினஸ் கிளாஸ் இருக்கைக்குப் போதும். பழுப்பில் இன்னும் ஒரு ஹூஸ்டன் பயணம் போய்வந்தால் இரண்டு இருக்கையே கிடைக்கும். அம்மாவும் நானும் சேர்ந்து உட்காரலாம். நான் பழுப்பைத்தான் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்கு மலாய் நன்றாகப் பேசவரும், கடைக்கு வேண்டிய ஆங்கிலம் வரும். வெட்டுக்காயத்தோடு, அமெரிக்க விமானத்தில், திரைக்கு முன்னால் அவர் தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"பழுப்புல டிசம்பர் நடுவுலேந்து புது வருஷம் வரைக்கும் இலவச டிக்கெட்டுக்கு இடமே கிடையாது" என்றாள் அவள், அந்த வரியின்மேல் விரலை வைத்து.

"நவம்பர் கடைசில நாங்க திரும்பிடுவோமே."

"ஆபரேஷன் தள்ளிப்போனா?"

"ஏன் தள்ளிப்போகணும்? ஏன் இப்பவே அப்படி நெனைக்கிற?"

"நான் நெனைக்கலங்க. இந்தப் புத்தகம் நெனைக்குது." அவள் குரல் உயர்ந்துவிட்டது. "தள்ளிப்போனா அத்தைய அங்க ஒரு மாசம் உக்கார வைப்பீங்களா, இல்ல பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டு வருவீங்களா?"

உள்ளறையிலிருந்து அம்மா, "சூசா பண்ணாம படுங்க ரெண்டு பேரும். காலைல பசார் போகணும்" என்றார். சூசா என்றால் தொல்லை. அம்மாவின் வாயில் அந்த மலாய் வார்த்தை வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பச்சை என்று முடிவானது. மனைவி சொன்னதில் தவறு இல்லை என்று தெரிந்துதான் எனக்குக் கோபம் வந்தது.

டோபி காட் பகுதியிலிருந்து ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் போகும் வழியில் ஒரு கட்டடத்தின் மாடியில் பச்சை அட்டை விமான நிறுவனத்தின் அலுவலகம். கவுன்டரில் ஒரு சீனப் பெண் இருந்தாள். என் பாஸ்போர்ட்டையும் அம்மாவுடையதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பயணத்தை உங்கள் குடும்பத்தாருக்குத்தான் மாற்றிக் கொடுக்கலாம்" என்றாள் ஆங்கிலத்தில்.

"என் அம்மா."

"குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே."

என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர். அம்மாவின் பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் பெயர். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்று விளக்கினேன். அவள் பொறுமையாகத் தலையாட்டினாள்.

"இவர் உங்கள் அம்மா என்று எனக்குத் தெரிகிறது லா. முகமே சொல்கிறது. அமெரிக்காவில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாதே."

என் பிறப்புச் சான்றிதழை வாங்கி நகல் எடுத்துக்கொண்டாள். அமெரிக்காவுக்கு டெலக்ஸ் அனுப்புவதாகச் சொன்னாள். சிகாகோவிலிருந்து தோக்கியோ வழியாகச் சிங்கப்பூர். பிசினஸ் கிளாஸில் ஓர் இடத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்தாள். பதில் வரவில்லை. பிடித்துவைத்த இடம் காலாவதியாகி, திரும்பப் பிடித்து, அதுவும் காலாவதியானது. நாங்கள் கிளம்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. போகும்போது இருவருக்கும் எகானமி டிக்கெட். அம்மாவின் திரும்புகிற பயணத்துக்கு என் கையில் ஒன்றும் இல்லை.

சாங்கி விமான நிலையத்தில் மனைவியிடம், "பதில் வரலைன்னா?" என்றேன்.

"நீங்க அத்தைய பாருங்க. சீட்ட நான் பாத்துக்குறேன்" என்றாள். பிறகு அம்மாவின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். வழக்கமாக அம்மாதான் அவளுக்கு வரைவார்.

சிகாகோவில் அவள் பயந்தபடியே நடந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. ஏதோ தொற்று. எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் வீட்டுச் சமையலறையில் அம்மா ஜன்னலோரம் நின்று, இலையே இல்லாத மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம், "எனக்கு பயமா இல்ல. ஆனா இப்படிக் காத்திருக்கிறது இருக்கு பாரு, இதுதான் தாங்க முடியல" என்றார்.

சிங்கப்பூரில் மனைவி தினமும் மதிய உணவு நேரத்தில் வங்கியிலிருந்து எம்.ஆர்.டி. பிடித்து அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அப்போதுதான் ரயில் புதிதாக ஓட ஆரம்பித்திருந்தது. கவுன்டர்ப் பெண்ணுக்கு இவள் வருவது பழகி, கதவைத் திறந்ததுமே தலையை ஆட்டி இல்லை என்று சொல்லிவிடுவாளாம். ஒருநாள் அந்தத் தலை வேறு மாதிரி ஆடியது. அம்மா என் அம்மாதான் என்பதை அமெரிக்கா ஒப்புக்கொண்டுவிட்டது. டிக்கெட் எழுதப்பட்ட நாளும் அக்காவின் காய்ச்சல் விட்ட நாளும் கிட்டத்தட்ட ஒன்று. அறுவைச் சிகிச்சைக்குப் புதிய தேதி கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் நாங்கள் திரும்புவது டிசம்பரின் இரண்டாம் பாதியில். பழுப்பு அட்டையை நம்பியிருந்தால் கதவு மூடியிருக்கும். பச்சையில் தேதியை மட்டும் மாற்றினாள் மனைவி. போனில் என்னிடம் அதைச் சொன்னபோது, 'நான் சொன்னேன்ல' என்று அவள் சொல்லவில்லை. அதற்காக நான் அவளுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அறுவை நடந்த அன்று அம்மாவை முதலில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்து, "அவ கண் முழிச்சதும் முதல்ல மூத்திரம் வருதான்னு கேளு" என்றார். நானும் அக்காவின் கணவரும் நடைபாதையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் வெகுநேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன். மாலையில் மருத்துவர் வந்து, சிறுநீரகத்தைப் பொருத்தியதும் மேசையிலேயே அது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார். அக்காவின் கணவர் எழுந்து நின்று, பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போலத் திரும்ப உட்கார்ந்தார்.

அம்மாவின் வலியை மட்டும் யாரும் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. இருமினால், தும்மினால், சிரித்தால்கூட அவர் முகம் வெளுத்துவிடும். ஒரு சின்னத் தலையணையைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருமுவார். கொஞ்சம் கொஞ்சமாக நடக்கத் தொடங்கினார். பயணம் செய்யலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கிளம்பும் முன் அக்கா என்னிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: காய்ச்சல் வந்தால், உடம்பு நடுங்கினால், எந்த ஊராக இருந்தாலும் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

சிகாகோவில் விமானம் ஏறியதும் அம்மாவை அவர் இருக்கையில் சாய்த்து உட்காரவைத்தேன். பெரிய இருக்கை, கால் வைக்கத் தனித் தாங்கி. அம்மா தலையணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பணிப்பெண் என்னைப் பின்னால் போகச் சொன்னாள். திரையை இழுத்தாள். பாதி வழியில் ஒருமுறை போய்ப் பார்க்க விட்டாள். "நல்லா இருக்குடா. போ, போய்த் தூங்கு" என்றார் அம்மா. அடுத்த முறை போனபோது, தூங்குகிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். கடல் முழுவதையும் கடந்து முடிக்கும்வரை நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தோக்கியோவில் விமானம் மாற வேண்டும். அங்கே கவுன்டரில் எங்கள் டிக்கெட்டுகளைப் பார்த்த ஜப்பானிய இளைஞர் உள்ளே போய்த் தம் மேற்பார்வையாளரைக் கூட்டிவந்தார். அவர் தலைவணங்கினார். சிங்கப்பூருக்குச் சிறிய விமானத்தை மாற்றிவிட்டார்களாம். பிசினஸ் கிளாஸில் இடம் குறைந்துவிட்டது. அப்படிக் குறையும்போது விலைகொடுத்து வாங்கியவர்களுக்குத்தான் முதலிடம். மைல் கொடுத்து வாங்கிய டிக்கெட் கடைசி.

மருத்துவரின் கடிதத்தை நீட்டினேன். அறுவைச் சிகிச்சை, விலா எலும்பு, சாய்ந்துதான் உட்கார வேண்டும் என்று இரைந்து சொன்னேன். என் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மேற்பார்வையாளர் கடிதத்தை முழுதும் படித்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. நாளைய விமானத்தில் முன்பக்கம் இடம் தருகிறேன், இரவு ஹோட்டலில் தங்குங்கள் என்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னடா சொல்றாரு?"

சொன்னேன். மனைவி மதியச் சாப்பாட்டை விட்டு ஓடி ஓடி வாங்கிய இருக்கை அது.

"இன்னொரு நாளா? முடியாதுப்பா. பின்னால உன் பக்கத்துல இடம் இருக்கான்னு கேளு."

"அம்மா, அங்க சாய முடியாது."

"முன்னால மட்டும் நான் என்ன நிம்மதியா சாஞ்சேன்?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பக்கத்துல ஒருத்தன் சிகரெட்ட ஊதி ஊதித் தள்ளினான். எத்தன தடவ இருமினேன்னு எனக்குத்தான் தெரியும். சீட்ட எப்படி நிமித்துறதுன்னு தெரியல. மூத்திரம் போகணும்னு அந்தப் பொண்ணுகிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. அடக்கிட்டே வந்தேன்டா."

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? அந்தப் புள்ள எவ்ளோ பாடுபட்டு வாங்கிக் குடுத்தா."

நாங்கள் என்ன பேசினோம் என்று புரியாவிட்டாலும் மேற்பார்வையாளர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சேர்ந்து இடம் இருக்கிறதா என்று நான் கேட்டதும் கம்ப்யூட்டரில் தேடினார். புகை பிடிக்காத பகுதியில், பின்னால், நடு வரிசையில் சேர்ந்தாற்போல நான்கு இருக்கைகள். நான்கையும் எங்களுக்கே ஒதுக்கினார். கழிப்பறை எங்கே என்று கேட்டேன்; அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போகச் சொல்லி ஒரு பெண்ணை அனுப்பினார்.

விமானம் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்ததும் நான் இடையில் இருந்த கைப்பிடிகளை எல்லாம் தூக்கிவிட்டேன். அம்மா மூன்று இருக்கைகளில் நீட்டிப் படுத்து, தலையை என் மடியில் வைத்தார். போர்வைக்கு மேல் பெல்ட்டைப் போட்டேன். சிகாகோவை விட்ட பிறகு அவர் உடம்பு தட்டையாகக் கிடந்தது அப்போதுதான். உடனே தூங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் நடுங்கத் தொடங்கினார். தோள் உதறியது, பல் கிட்டியது. நெற்றியில் கைவைத்தேன். சுடுகிறதா, என் கைதான் ஜில்லென்று இருக்கிறதா என்று எனக்குப் புரியவில்லை. அக்கா சொன்னது காதில் ஒலித்தது. கீழே கடல். எங்கே இறங்குவது? கழுத்தில் தொட்டேன், உள்ளங்காலில் தொட்டேன். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு வெப்பமானி கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்று போனவள் திரும்பி வர யுகமானது போலிருந்தது. வாயில் வைத்து எடுத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. தலைக்கு மேல் இருந்த குளிர்காற்றுத் துவாரம் நேராக அம்மாவின் மேல் ஊதிக்கொண்டிருந்தது. அவள் எட்டி அதை மூடிவிட்டு இன்னும் இரண்டு போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். நடுக்கம் மெல்ல அடங்கியது. அப்புறம் விமானம் குலுங்கியபோதெல்லாம் அம்மாவின் பக்கவாட்டில் அந்தத் தலையணையை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் கால் மரத்துப்போய்விட்டது. அசையப் பயமாக இருந்தது. கடைசிவரை அசையவில்லை.

சாங்கியில் மனைவி காத்திருந்தாள். அம்மாவின் கையில் இருந்த போர்டிங் பாஸைத்தான் அவள் கண் முதலில் பார்த்தது.

"என்னங்க இது, பின் சீட்டு நம்பர்?" என்றாள் என்னிடம். முகம் சிவந்துவிட்டது.

அம்மா முந்திக்கொண்டார். "பாதி தூரம் நீ வாங்கிக் குடுத்த சீட்டுல வந்தேம்மா. மீதிய இவன் மடியில படுத்துட்டு வந்தேன். ரெண்டும் இல்லாட்டி வந்துருக்க மாட்டேன்."

மனைவி விடவில்லை. அடுத்த வாரமே அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டாள். இந்த முறை கவுன்டர்ப் பெண்ணும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாளாம். தோக்கியோவிலிருந்து வந்த தூரத்துக்கான மைலைத் திருப்பி வரவு வைத்தார்கள். என் மேலாளர் அதைக் கேட்டுவிட்டு அந்த அட்டைக்கு விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்டார்.

அம்மா கொடுத்த சிறுநீரகம் அக்காவுக்குப் பல வருடங்கள் உழைத்தது. அவளுடைய மகள் பள்ளி முடித்ததையும், கல்லூரி முடித்ததையும் அவள் பார்த்தாள். அம்மா மறு ஆண்டு மார்ச் விடுமுறைக்குப் பிறகு கடையைத் திரும்பத் திறந்தார். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு காலையும் பேருந்துக்கு ஓடும் முன், நானும் மனைவியும் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தப் பெரிய வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டு வருவோம். அம்மா பின்னால் நின்று, "மெதுவா, மெதுவா, என் வாணலி" என்று சத்தம் போடுவார்.